தழும்பு உறுதியான தை மாதம்

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். எதிரில் நிற்பவர் பத்திரத்தில் எழுதியிருக்கும் ஆள்தானா என்று பார்ப்பதுதான் அங்கே பாதி வேலை. அட்டையைப் பார்ப்போம், முகத்தைப் பார்ப்போம், சாட்சிக்கு வந்தவரிடம் "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்போம். தெரியும் என்று சொல்ல ஆள் இருந்தால் அவர் அவர்தான். என் கணவருக்கு வந்திருப்பது அந்த நோய்தானா என்று தஞ்சாவூரில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவள். இங்கே இந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழ்வேளூர் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. அவர் விவசாயம், நான் சம்பளம். விளைச்சல் பொய்த்த வருடங்களில் வீட்டில் என் வாய் நீளும், விளைந்த வருடங்களில் அவருடையது நீளும். கணக்குப் பார்த்தால் நான்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

இருமல் வந்து வெகுநாளாகியிருந்தது. சளியே வராத வறட்டு இருமல். முதலில் காசநோயாக இருக்கும் என்று பார்த்தார்கள், இல்லை என்றார்கள். அப்புறம் ஆஸ்துமா என்று உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள். அதை அவர் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தார். வரப்பில் நடந்து போகிறவர் பாதியில் நின்றுவிடுவார். நிற்பது தெரியக்கூடாது என்று மடையைப் பார்ப்பது போலக் குனிவார். தண்ணீர் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிற மடையில் இவ்வளவு நேரம் என்ன பார்வை என்று நான் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

தஞ்சாவூரில் நெஞ்சு மருத்துவர் ஒருவரிடம் போனோம். அதிகம் பேசாத மனிதர். என் கணவரின் முதுகில் அடிப்பக்கமாகக் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்ன நினைத்தாரோ, என்னையும் கேட்கச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூவில் ஒட்டுப்பட்டை இருக்குமே, அதை மெதுவாகப் பிரித்தால் வரும் சத்தம். மூச்சை இழுக்கும்போதெல்லாம் வந்தது.

"நுரையீரல் பஞ்சு மாதிரி இருக்கணும்மா. இவருக்குக் கீழ்ப்பக்கம் தழும்பாயிட்டு வருது. தழும்பானது திரும்பப் பஞ்சாகாது" என்றார்.

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார். மருந்து எவ்வளவு நாளைக்குச் சாப்பிட வேண்டும் என்றுதான் கேட்டார். டாக்டர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு வேகமாகப் போகும், சிலருக்கு மெதுவாகப் போகும், ஆனால் போகும் என்றார். கேட்காத கேள்விக்குக் கிடைத்த பதில் அது. நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். வெளியே வந்து டீ குடித்தோம். டீயில் சர்க்கரை அதிகம் என்று அவர் கடைக்காரரிடம் சொன்னார். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஈறில் ஊசி போட்டால் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அந்த மரப்பு அப்புறம் முழுசாக விலகவே இல்லை.

தழும்பு பரவுவதை மெதுவாக்கும் மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கில் ஆள் பாதியானார். நிறுத்திவிட்டு வேறொன்று கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் வெயில் படக்கூடாதாம். ஒரு விவசாயியிடம் சொல்கிறார்கள். இவர் குடையைப் பிடித்துக்கொண்டு நாற்றங்காலுக்குப் போய்ப் பார்த்தார், ஊரே வேடிக்கை பார்த்தது. குடையை மீறிக் கையும் கழுத்தும் சிவந்து தோல் உரிந்தது. அதுவும் நின்றது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் அந்தச் சோதனை மருந்தைப் பற்றிச் சொன்னார். புதிதாக ஒரு மருந்து, பல நாடுகளில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், இங்கேயும் சிலரைச் சேர்க்கிறார்கள். சேர்ந்தாலும் அசல் மருந்து கிடைக்கலாம், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கிடைக்கலாம், எது என்று அவருக்கே தெரியாது. இதை அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் சேர்வதற்கு முன்னால் நோயை உறுதி செய்ய வேண்டும் என்றார்.

"அதான் நீங்க சொல்லிட்டீங்களே சார்" என்றார் என் கணவர்.

"நான் சொன்னா போதாதுங்க."

நுரையீரல் தழும்பாவதற்குப் பல காரணங்கள் உண்டாம். கல் தூசி, புறா எச்சம், பூஞ்சணம், மூட்டுவாதம், சில மாத்திரைகள். இவற்றில் ஏதாவது ஒன்றால் வந்தது என்றால் அது வேறு நோய், வேறு வைத்தியம். எந்தக் காரணமும் இல்லாமல் வருகிறதே, அந்த வகைக்குத்தான் இந்த மருந்து. ஸ்கேன் படத்தைப் பெயர் இல்லாமல் அனுப்புவார்கள். எங்கேயோ இருக்கும் இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து இதுதான் என்று சொல்ல வேண்டும். ஒருவர் ஆம், ஒருவர் சந்தேகம் என்றால் மூன்றாமவரிடம் போகும்.

நான் ஒன்று கேட்டேன். "ஒருவேளை காரணத்தோட வந்த வகையா இருந்துச்சுன்னா?"

"அந்தக் காரணத்தை விட்டு விலகினா சிலருக்கு அதுக்கு மேல பரவாம நிக்கும். கொஞ்சம் சரியானவங்களும் உண்டு. இவ்வளவு தழும்பான பிறகு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அப்ப இந்த மருந்துல சேர முடியாது."

அந்த அறையை விட்டு வெளியே வந்தபோதே நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துவிட்டோம். அவருக்கு அந்த மருந்து வேண்டும். அதற்கு, காரணமில்லாமல் வந்ததாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் என்று ஒன்று இருந்தால் அதைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம். இதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த தடவை போனபோது கேள்வி கேட்பதற்கென்று ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண், மகள் வயதுதான் இருக்கும், மரியாதையாகக் கேட்டாள்.

"வீட்ல புறா வளக்குறீங்களா ஐயா?"

"இல்லம்மா."

"கிளி, லவ் பேர்ட்ஸ்?"

"மனுசனுக்கே நேரமில்ல, கிளிக்கு எங்க."

"இறகு வச்ச தலகாணி, சுவத்துல ஈரம், ஏசி?"

"இல்ல, இல்ல, இல்ல."

"பூஞ்சணம் புடிச்ச வைக்கோல்ல வேலை பாக்குறது உண்டா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டு வைக்கோல்லயா? அதெல்லாம் கிடையாதும்மா" என்றார். அந்தப் பெண் ஏதோ திட்டிவிட்டது போலக் குரல் மாறியிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் அவர் வீட்டு வைக்கோல் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மாட்டைப் பட்டினி போடுகிறான் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான். என்னைக் கொடுப்பதற்கு முன்னால் வீடு பார்க்க வந்த என் அப்பா, நேரே கொல்லைக்குப் போய் வைக்கோல் போரைத்தான் பார்த்தார். "போர் நல்லா இருக்கு" என்று அம்மாவிடம் வந்து சொன்னார். மாப்பிள்ளையைப் பற்றி அதற்கப்புறம்தான் பேச்சு வந்தது.

இப்போது போரெல்லாம் கிடையாது. அறுவடை இயந்திரம் துப்பிவிட்டுப் போகும் வைக்கோலை இன்னொரு இயந்திரம் வந்து சுருட்டி உருளையாகக் கட்டிவிடும். சம்பா வைக்கோலில் குறையில்லை, வெயிலில் அறுக்கிறோம். குறுவை அப்படியில்லை. அறுப்பு முடிவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். கட்டுகிற இயந்திரம் நம் வயலுக்கு வந்து சேருவதற்குள் வைக்கோல் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருக்கும். அதையே சுருட்டிக் கொண்டுவந்து கொட்டகையில் அடுக்குவோம். கார்த்திகையில் பிரித்தால் உள்ளே கறுத்துப்போய், கை வைத்தால் சூடாக இருக்கும், வெள்ளையாகப் பூஞ்சணம் புகை போல எழும்பும். என் கணவர் அதை வேறு யாரையும் தொட விடமாட்டார். அவரே உட்கார்ந்து பிரித்து, உதறி, தட்டி, நல்லதை மட்டும் மாட்டுக்குப் போடுவார். வருடா வருடம் அப்படித்தான்.

"இருக்கும்மா. எழுதிக்க" என்றேன் நான்.

அந்தப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் குறுவை வைக்கோலைப் பற்றி முழுவதும் சொன்னேன். அலுவலகத்தில் வில்லங்கத்தை மறைத்துப் பத்திரம் எழுதிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பழக்கத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்த வைக்கோல் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பஸ் ஏறினோம். திருவாரூரில் முறுக்கு விற்கிறவர் ஏறி இறங்கிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"உள்ளதைத்தானே சொன்னேன்."

"ஊர்ல யார் வீட்டுக் குறுவை வைக்கோல் நனையாம இருக்கு? எல்லாருமா இருமிக்கிட்டுக் கிடக்கான்?"

"மத்தவங்க மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டுப் பிரிக்கிறாங்க. நீங்க என்னமோ பட்டுப்பொடவைய ஒதறுற மாதிரி மொகத்துக்கு நேரா ஒதறுறீங்க."

"மருந்துல சேத்துக்க மாட்டாங்க பாரு. உன்னாலதான்" என்றார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டார். தொத்துகிற வியாதி இல்லை என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் எழுந்திருக்கக்கூட மனம் வரவில்லை. ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன், குறுவை அறுத்த இடத்தில் தாளடி நட்டுப் பச்சை பிடித்திருந்தது.

நான் சொன்னதால் எல்லாம் நீண்டது. இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இந்தத் தடவை குப்புறப் படுக்க வைத்து ஒன்று, மூச்சை முழுக்க வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி ஒன்று. காற்று உள்ளே எங்கேயாவது சிக்கிக்கொள்கிறதா என்று அதில் தெரியுமாம். சிக்கிக்கொண்டால் வைக்கோல்மேல் சந்தேகம் வரும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். "மூச்சை வெளிய விடுங்க. அப்படியே நிறுத்துங்க" என்று ஒலிபெருக்கி சொன்னது. அவர் விட்டார், நிறுத்தினார், இருமிவிட்டார். மறுபடி சொன்னது, மறுபடி இருமினார். கடைசியில் எப்படியோ எடுத்து முடித்தார்கள்.

"வெளிய விடுறதுக்கு உள்ள இருந்தாத்தானே விடலாம்" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். ஸ்கேன் எடுத்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மார்கழி முழுக்கக் காத்திருந்தோம். குறுவை உருளைகளை எல்லாம் டிராக்டரில் ஏற்றி வெளியேற்றினேன், வாழைக்கொல்லைக்கு மூடாக்குப் போட ஒருவர் கொண்டுபோனார். மாட்டுக் கொட்டகைப் பக்கமே அவர் வரக்கூடாது என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு தவிட்டில் தண்ணீர் அதிகம், தும்புக் கயிற்றை இறுக்கிக் கட்டாதே என்று உத்தரவு போட்டார். தினம் அவர் குளித்துவிட்டு வந்ததும் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். வைக்கோல் போய்விட்டதே, சத்தம் குறைந்திருக்க வேண்டுமே. "என்னடி, கதவு தட்டி ஆள் இருக்கான்னு பாக்குறியா?" என்பார். குறைந்திருக்கிறது என்று ஒருநாள் நினைத்தேன். மறுநாள் இல்லை. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன்.

பட்டுக்கோட்டைப் பெண் போன் செய்தாள். ஒரு டாக்டர் அந்த நோய்தான் என்கிறாராம், இன்னொருவர் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறாராம், மூன்றாமவருக்குப் போயிருக்கிறது. என் கணவர் போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டுவிட்டு, "சந்தேகப்பட்டவரு உங்க ஊர்க்காரரா இருப்பாரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த டாக்டரை நான் பார்த்ததில்லை, அவர் இருக்கும் நாடு தெரியாது. எனக்கு ஆதரவாக உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார் என்றால் அது அந்த மனிதர்தான். அவர் மனம் மாறக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அலுவலகத்தில் கைரேகை வாங்கிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்த வாரம் வரச்சொன்னார்கள். சம்பா அறுப்புக்கு இயந்திரம் சொல்லியிருந்தோம், அதை அப்படியே விட்டுவிட்டுப் போனோம். டாக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நுரையீரலின் அடியில், ஓரத்தில், சிறு சிறு ஓட்டைகளாக அடுக்கி அடுக்கி இருந்தது. தேன்கூடு என்றுதான் டாக்டர்கள் சொல்வார்களாம். காற்று எங்கேயும் சிக்கவில்லை, வைக்கோலால் வந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

"மூணாவது டாக்டரும் இதுதான்னு சொல்லிட்டாரு. இங்க நாங்களும் எல்லாரும் உக்காந்து பேசினோம். உறுதியாயிடுச்சு. காரணம் தெரியாத வகைதான்."

"அப்ப வைக்கோல்?" என்றேன்.

"வைக்கோல் இல்லம்மா. நீங்க சொன்னதாலதான் அதைத் தீரப் பாத்தோம். சொன்னது நல்லதுதான். ஆனா அது இல்ல."

"அந்த ரெண்டாவது டாக்டர்?"

"அவர் சந்தேகம்னுதான் சொன்னார். இல்லைன்னு சொல்லல."

என் கணவர் எழுந்து நின்று டாக்டரைக் கும்பிட்டார். நிலம் கைக்கு வந்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் கும்பிடுவார்களே, அப்படி. வாசலில் அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம் ஐயா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பரவால்லம்மா, எனக்கும் சந்தோஷம்தான்" என்றார் அவர். எனக்கு அப்போது என்ன இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். கோபம் இல்லை. வருத்தம்கூட இல்லை. வைக்கோலை இனி என்ன செய்வது என்று ஒரு நினைப்பு மட்டும் ஓடியது. வீட்டில் குறுவை வைக்கோலே இல்லை, அதைத்தான் அனுப்பிவிட்டேனே என்று அப்புறம் உறைத்தது.

ஊர் திரும்பும் வழியில், தஞ்சாவூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. இறங்கலாம் என்றார். நடக்க முடியாதவர் எதற்கு இறங்குகிறார் என்று தெரியாமல் நானும் இறங்கினேன். நேரே காணிக்கைத் தகடு விற்கும் கடையில் போய் நின்றார். கண்ணுக்கு வேண்டிக்கொண்டவர்கள் கண் பொறித்த தகட்டை வாங்கிப் போடுவார்கள், காலுக்கு வேண்டிக்கொண்டவர்கள் காலை. நோய் தீர்ந்தவர்கள் போடுவது.

"நுரையீரல் இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

கடைக்கார அம்மாள் தட்டைக் கிளறினாள். "அதெல்லாம் யாரும் கேக்குறதில்லங்க. ஆள் உருவம் இருக்கு, அதைப் போடுங்க. எல்லாம் அதுக்குள்ளதான இருக்கு."

அதை வாங்கிக்கொண்டார். கடைக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எதுக்குங்க இது?"

"வேண்டுதல்."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"இந்த வியாதியாவே இருக்கணும்னு. அந்த மருந்துல சேத்துக்கணும்னு."

எனக்கு அத்தனை நாள் வராத ஆத்திரம் வந்தது. "நல்லாப் போயிடணும்னு வேண்டிக்க வேண்டியதுதானே? அதை விட்டுட்டு யாராவது வியாதியைக் கேட்டு வாங்குவாங்களா?" என்று கத்திவிட்டேன். பூ விற்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தகட்டை வேட்டி நுனியால் துடைத்தார். கொஞ்ச நேரம் இருமினார்.

"கேக்கலாம்னுதான் சாமி முன்னால நின்னேன். அவ்வளவு பெருசாக் கேக்க வாய் வரல" என்றார்.

வெள்ளிக்கிழமை என்பதால் கூட்டம் இருந்தது. அவரால் வரிசையில் நிற்க முடியாது. தகட்டை என் உள்ளங்கையில் வைத்து, நீயே போட்டுவிட்டு வா என்றார். வரிசையில் போனேன். முன்னால் நின்ற பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள், அது என் பொட்டைத் தொடப் பார்த்தது. உண்டியலுக்கு முன்னால் வந்ததும் தகட்டைப் போட்டேன். பின்னால் தள்ளினார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கேட்டதைக் குடுத்துட்ட" என்றேன். அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.